சோதனையில் தேறிய பிறகும் ஏன் இந்தத் தடைகள்?

வணக்கம். மகன் சாலைச் சோதனையில் தேறி, பழகுநர் உரிமத்துக்கும் முழு உரிமத்துக்கும் நடுவில் வரும் இடைநிலை உரிமம் வாங்கிவிட்டான், ஆனாலும் இரவில் நண்பர்களை ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறார்கள், அவன் கோபப்படுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவன் கோபம் புரிகிறது. ஆனால் தடை சரிதான்.

பழகுநராக ஓட்டும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் கட்டத்தில் விபத்து குறைவு. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. போகப்போகக் குறையும். சம வயதுத் தோழர்கள் ஏறினால் ஆபத்து கூடுகிறது, இருட்டு அதை இன்னும் கூட்டுகிறது. அதனால்தான் இந்த இரண்டையும் தள்ளிவைத்து, மற்றதையெல்லாம் பழக விடுகிறார்கள். உரிமத்தை இப்படிப் படிப்படியாகத் தருவது 1987இல் நியூசிலாந்து தொடங்கிய முறை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் குறைந்த பழகுநர் பொதுவாக 120 மணி நேரம் ஓட்டிப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதில் 20 மணி இரவில்.

உங்களுக்கு நான் சொல்வது: தடை இருக்கிறதே என்று அவனை இரவில் ஓட்டவே விடாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லுங்கள். மழையிலும், எதிரே வரும் வண்டி விளக்கில் கண் கூசும் சாலையிலும் கூட. அறிவுரை அதிகம் வேண்டாம். வண்டியை நிறுத்திய பிறகு பேசுங்கள். உங்கள் ஊர் விதி எத்தனை மணி முதல், எத்தனை பேர் வரை என்பதை உரிம அலுவலகத்திலேயே கேட்டு, அவனையே படிக்கச் சொல்லுங்கள். விதி மீறிப் பிடிபட்டால் முழு உரிமம் தள்ளிப்போகலாம், அதையும் சொல்லிவையுங்கள்.