வாசகர் கேள்வி – பதில்: சாலைக்கும் பனிக்கும் ஒரே பைக்

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கெலோனாவில் வசிக்கிறேன். கோடையில் நம்பர் பிளேட்டுடன் சாலையில் ஓட்டவும், குளிர்காலத்தில் ஸ்னோ பைக்காக மாற்றி மலையில் ஓட்டவும் ஒரே டர்ட் பைக் வேண்டும். மண் பந்தயத் தடத்துக்கென்றே தயாராகும் 450 சிசி மோட்டோகிராஸ் வண்டி ஒன்று மலிவாக வருகிறது. விளக்கும் ஹாரனும் கண்ணாடியும் பொருத்திவிட்டால் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இரண்டு வேலைகளுக்கும் அதே வண்டிதான் என்பது உங்கள் முடிவானால், வாங்க வேண்டாம். என்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளரின் தகடைப் படித்துப் பாருங்கள். கனடாவின் மத்திய விதிமுறைகள் சாலைக்கென்று தயாரான மோட்டார் சைக்கிளையும், சாலைக்கு வெளியே மட்டும் ஓட்டத்தக்க, ‘வரையறுக்கப்பட்ட பயன்பாட்டு’ மோட்டார் சைக்கிளையும் தனித்தனி வகைகளாகவே வைத்திருக்கின்றன. வண்டி எந்த வகை என்பது தொழிற்சாலையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பிறகு நாம் பொருத்தும் ஹாரனும் கண்ணாடியும் அந்த வகையை மாற்றுவதில்லை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தகட்டின் படத்தையும் சேஸிஸ் எண்ணையும் காப்பீட்டு முகவரிடம் காட்டி, சாலைப் பதிவு கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். விற்பவரின் வாய்மொழியை நம்பி இறங்கிய பலர், பிளேட் கிடைக்காத வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

பனியை மட்டும் எண்ணிப் பார்த்தால் அந்த மோட்டோகிராஸ் வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஸ்னோ பைக் மாற்றம் என்பது முன்சக்கரம் இருந்த இடத்தில் ஒற்றை ஸ்கியையும், பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் எடுத்துவிட்டு அங்கே நீண்ட ரப்பர் டிராக் கொண்ட சட்டகத்தையும் பொருத்துவதாகும். டிராக்கின் நீளம் 120, 129, 137 அங்குலம் என்ற கணக்கில் வருகிறது. அத்தனை நீளமான பட்டையை, இடுப்பளவு மென்பனியில், ஏற்றத்தில் சுழற்றுவதற்குப் பலம் வேண்டும். அதிலும் உயரம் 300 மீட்டர் கூடும்போதெல்லாம் என்ஜின் தன் பலத்தில் ஏறக்குறைய 3 சதவீதத்தை இழக்கிறது என்பதால், 2000 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலம் கையில் இருக்காது. ஆகவே 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளை ஒதுக்கிவிடுங்கள். 450 சிசிதான் நடைமுறையில் தொடக்கம்; 300 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளையும் சிலர் திறமையாக ஓட்டுகிறார்கள். பியூயல் இன்ஜெக்ஷனும் பட்டன் ஸ்டார்ட்டும் கட்டாயம் இருக்கட்டும். கார்புரேட்டர் குளிரில் உறைவதும், உயரம் மாறும்போதெல்லாம் அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டியிருப்பதும் ஒரு பருவத்திலேயே சலிப்பூட்டிவிடும். ஸ்கியும் டிராக்கும் புதைந்து சாய்ந்து கிடக்கும் வண்டியைக் கால் ஊன்ற இடமில்லாத பனியில் கிக் அடித்துக் கிளப்ப முயன்றவர்களுக்கு, பட்டனின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் தேவைக்குத் தொழிற்சாலையிலிருந்தே சாலைக்கு உரியதாக வரும் வண்டிகளே பொருத்தமானவை. கேடிஎம் 500 இஎக்ஸ்சி-எஃப், ஹோண்டா சிஆர்எஃப்450ஆர்எல் ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். 2019 மாடலாக அறிமுகமான ஹோண்டா சிஆர்எஃப்450எல்தான் பின்னர் ஆர்எல் என்று பெயர் மாறியது. அதன் எடை சுமார் 131 கிலோ. அதன் உறவான மோட்டோகிராஸ் வண்டியைவிட ஏறக்குறைய 20 கிலோ அதிகம். அந்தக் கூடுதல் எடையைப் பனியில் நீங்கள் உணரத்தான் செய்வீர்கள். பதிலுக்கு ஆறு கியர்களும், ஹெட்லைட்டைத் தாங்கும் மின்னுற்பத்தியும் கிடைக்கின்றன. குளிர்காலத்தில் கைப்பிடிச் சூடாக்கிக்கும் அதே மின்சாரம்தான் உதவும். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். புகை, ஒலி விதிகளுக்காக இவ்வகை வண்டிகளின் மூச்சை ஓரளவு அடைத்துத்தான் விற்கிறார்கள். பனிக்காக அந்த அடைப்புகளை நீக்கிவிட்டு, கோடையில் அப்படியே சாலையில் ஓட்டினால், எந்தச் சட்டத்தகுதிக்காகக் கூடுதல் விலை கொடுத்தீர்களோ அந்தத் தகுதியை நீங்களே கெடுத்துக்கொண்டவர் ஆவீர்கள். கழற்றும் பாகங்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

எந்த வண்டியாக இருந்தாலும் இரண்டு சேர்க்கைகளுக்குப் பணம் ஒதுக்குங்கள். முதலாவது தெர்மோஸ்டாட்; என்ஜின் சூடேறும்வரை குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு அது. பனித்தூள் ரேடியேட்டரில் ஓயாமல் மோதுவதால், சூடேற வேண்டிய என்ஜின் சூடேறாமலேயே ஓடித் தேயும். இரண்டாவது காற்றுவழிக்கான பனித்தடுப்பு. எண்ணெய் தடவிய நுரை வடிகட்டியில் ஈரம் உறைந்தால் வண்டி மூச்சுத் திணறி நின்றுவிடும்.

டிராக் பொருத்திய வண்டியை, அதில் சாலை பிளேட் இருந்தாலும், பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. சக்கரமும் இல்லை, முன் பிரேக்கும் இல்லை. டிரக்கிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் மாகாணத்தில் அரசு நிலங்களில் ஓட்டும் சாலைக்கு வெளியிலான வாகனங்களுக்கு 2015 நவம்பர் முதல் பதிவு கட்டாயமாகியுள்ளது. மாற்றிய வண்டிக்கு எந்தப் பதிவு, எந்தக் காப்பீடு பொருந்தும் என்பதைக் காப்பீட்டு முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அமெரிக்காவில், சியாட்டில் அருகே இருக்கிறேன். மொன்டானா மாநிலத்தில் ஒரு நிறுவனத்தைப் பெயருக்குத் தொடங்கி, மோட்டோகிராஸ் வண்டிக்கும் பிளேட் வாங்கிவிடலாம் என்கிறார்கள். இது சரியான வழியா?

பதில்: மொன்டானாவிலும் அரிசோனாவிலும் உரிய உபகரணங்களைப் பொருத்திய டர்ட் பைக்கைச் சாலைக்குப் பதிவு செய்ய வழி உண்டு; கலிபோர்னியாவில் அது அரிதினும் அரிது. மாநிலத்துக்கு மாநிலம் இப்படி வேறுபடுவதால்தான் குறுக்குவழி யோசனைகள் பிறக்கின்றன. சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறுபவர் 30 நாட்களுக்குள் தம் வாகனத்தை அங்கே பதிவு செய்தாக வேண்டும். அங்கே வாழ்ந்துகொண்டே, வரியையோ பதிவுக் கட்டணத்தையோ தவிர்க்க வேறு மாநிலத்தில் பதிவு செய்வது வெறும் அபராதத்தோடு முடியும் விஷயமல்ல, அது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் துருவுவதும் அந்தப் பதிவைத்தான். செய்யாதீர்கள்.

கேள்வி: கால்கரியில் பழைய டிராக் கிட் ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது. வண்டியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வரிசையை மாற்றாதீர்கள். பிரதான சட்டகம் பொதுவானதாக இருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் பொருத்துபாகங்கள் ஒவ்வொரு மாடலுக்கும், பல நேரங்களில் தயாரிப்பு ஆண்டுக்கும்கூட, வேறுபடும். ஸ்விங் ஆர்ம் கோர்க்கும் இடம், முன் அச்சின் விட்டம், செயின் செல்லும் நேர்க்கோடு ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் கிட் அமரும். பொருத்துபாகங்களைத் தனியே வாங்கினால் பாதி விலை என்ற கணக்கு அங்கேயே கரைந்துவிடும். வண்டியை முடிவு செய்துகொண்ட பிறகும் அந்தக் கிட் விற்காமல் இருந்தால், டிராக்கின் ரப்பர் பற்கள் கிழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உருளைகளின் பேரிங்குகளைக் கையால் சுழற்றி ஒலியைக் கேளுங்கள். பேரம் பேசிக் குறைக்கும் தொகையைப் பனிச்சரிவில் புதைந்தவரைச் சமிக்ஞையால் தேட உதவும் டிரான்ஸீவருக்கும், மண்வாரிக்கும், பனிக்குள் குத்தித் தேடும் துழாவுகோலுக்கும் ஒதுக்குங்கள். ராக்கி மலைகளில் இந்த மூன்றும் இல்லாமல் உங்களைக் கூட்டிப்போக அனுபவமுள்ள எந்தக் குழுவும் சம்மதிக்காது.