அக்காவின் பங்கு

வணக்கம். தாத்தா வழியில் வந்த நாலு ஏக்கர் நஞ்சை எங்களுக்கு இருக்கிறது. அப்பா போன வருடம் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். அக்காவுக்கு 1995-இல் நாற்பது பவுன் போட்டுக் கல்யாணம் செய்தோம். இப்போது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால் யோசிக்க வேண்டும் என்கிறார். பிறப்புரிமை என்று சட்டம் சொல்லலாம். வயலில் கிடந்து உழைத்தவன் நான். இது நியாயமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உழைப்பு பெரியது. நீங்கள் போட்ட போர்வெல், அடைத்த கடன் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு, அதை அக்காவிடம் தனியாகப் பேசுங்கள். ஆனால் நீங்கள் திருப்பூரில் வேலை பார்த்து, வரப்பையே மிதிக்காமல் இருந்திருந்தாலும் உங்கள் பங்கு உங்களுக்கு வந்திருக்கும். உழைத்தாயா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆணாகப் பிறந்ததே போதுமானதாக இருந்தது. அக்காவிடம் மட்டும் ஏன் காரணம் கேட்கிறோம்?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல். தமிழ்நாட்டில் அது சட்டமாக அறுபது வருடம் ஆனது. 1989 மார்ச் 25 அன்று கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் பங்கு வந்தது. அப்படியென்றால், 1995-இல் மணமேடையில் உட்கார்ந்தபோதே அக்காவுக்கு அந்த உரிமை இருந்தது. அன்றைக்கு வீட்டில் ஒருவராவது அதை அவரிடம் சொன்னீர்களா? 2005-இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் இதேபோல் திருத்தப்பட்டது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இது பிறப்பிலேயே வரும் உரிமை என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. சரி, நிலம் அப்பாவின் தனிச்சொத்து என்றே வைத்துக்கொள்வோம். உயில் இல்லாதபோது மகளுக்கும் சம பங்கு என்பது 1956-லிருந்தே சட்டம். அம்மா இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு.

போட்ட நகைக்காகப் பங்கைக் கழிக்க வாரிசுரிமைச் சட்டத்தில் இடமில்லை. அந்த நாற்பது பவுனில் இன்று எவ்வளவு அக்கா கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் புகுந்த வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் போயிருக்கும்.

நம் ஊர்களில் அக்கா தங்கைகள் கையெழுத்து போடுவது பெரும்பாலும் மனமுவந்து அல்ல. போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும், பெண்ணின் சடங்குக்குத் தாய்மாமன் வரமாட்டான் என்ற பயம். அந்தப் பயத்தை வைத்து வாங்கும் பத்திரம் எனக்கு ஒப்பவில்லை.

பத்திர எழுத்தரிடம் போகும் முன் பட்டா, சிட்டாவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். இன்றைய விலை என்ன, அவருடைய பங்கு எவ்வளவு என்று சொல்லுங்கள். எப்படி முடிவெடுத்தாலும் தீபாவளிக்குச் சீர் வரும் என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று அவரே சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் நிலத்தை அளந்து பிரியுங்கள்.