பழைய வீட்டை விற்ற பிறகு புதியது வாங்குவதா, வாங்கிய பிறகு விற்பதா?

முதலில் விற்றுவிடுங்கள். இப்படிச் சொன்னால் "குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்கச் சொல்கிறாயா?" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டிலேயே வந்தார்கள். என் நாத்தனார் இன்றுவரை அந்தக் கேள்வியை விடவில்லை. இருந்தாலும் என் பதில் அதுதான். விற்கிற விதம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டே வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைய வீட்டை விற்றால்தான் அடுத்ததற்குப் பணம். விற்றுவிட்டால் இருக்க இடமில்லை. இரண்டையும் எப்படிப் பொருத்துவது? எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மற்றதை ஊகிக்க முடிகிறது. ஒரு வீடு ஏற்கெனவே உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. "இன்னும் இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சீக்கிரம் முன்பணம் கொடுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். உங்கள் சேமிப்பெல்லாம் பழைய வீட்டின் சுவருக்குள் முடங்கிக் கிடக்கிறது. அதன்மேல் வங்கிக் கடனில் ஒரு பகுதி பாக்கியும் இருக்கலாம்.

நாங்களும் அதே இடத்தில்தான் நின்றோம். என் மாமியாருக்கு முழங்கால் தேய்ந்து, மாடிப்படி ஏறுவது முடியாத காரியமாகிவிட்டது. தரைத்தளத்தில் படுக்கையறை உள்ள வீடு வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தது. என் கணவர் அதைப் பார்த்த அன்றே மனத்துக்குள் நாற்காலி மேசை போட ஆரம்பித்துவிட்டார். முன்பணம் கொடுத்துவிடலாம் என்றார். நான் மறுத்தேன். அந்த வீடு வேறு யாருக்கோ போனது. கொஞ்ச காலம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை, இப்போதும் வருத்தமில்லை.

காரணம் எளிமையானது. புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்த நிமிடத்தில் உங்கள் தலைமேல் ஒரு தேதி வந்து உட்கார்ந்துவிடுகிறது. மீதித் தொகையை அதற்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் போகும். அந்தத் தேதி நெருங்க நெருங்கப் பழைய வீட்டின் விலையை நீங்கள் சொல்வதில்லை, அந்தத் தேதி சொல்கிறது. வாங்க வருகிறவர்கள் இதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். "எங்கே குடிபோகிறீர்கள்? எப்போது?" என்ற நலம் விசாரிப்பு எல்லாமே அதற்காகத்தான்.

இடைக்காலக் கடன் வாங்கலாமே என்று ஒருவர் சொல்வார். பிரிட்ஜ் லோன் என்று வங்கிகளே தருகின்றன. பழைய வீடு விற்கும்வரை சில மாதங்களுக்குப் பணம் கொடுத்து, விற்றதும் எடுத்துக்கொள்வார்கள். வட்டி பொதுவாகச் சாதாரண வீட்டுக்கடனைவிட அதிகம். சொன்ன மாதங்களுக்குள் வீடு விற்காவிட்டால் இரண்டு வீட்டின் சுமையும் ஒரே சம்பளத்தின்மேல் விழும். நிச்சயமான வாங்குபவர் கையில் இருந்து, பதிவுக்குச் சில வாரங்களே பாக்கி என்றால் அந்தக் கடனில் அர்த்தம் இருக்கிறது. வாங்குபவரே இல்லாத நிலையில் அது சூதாட்டம்.

சரி, விற்க முடிவு செய்தோம். இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் வீடு பார்க்க வருகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. விடுமுறை நாளில் பொழுது போகாவிட்டால் குடும்பத்தோடு கிளம்பி வந்துவிடுவார்கள். அலமாரியைத் திறப்பார்கள். குளியலறைக் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், சரியாக மூடவும் மாட்டார்கள். ஒரு அம்மையார் என் மாமியாரின் அறைக்குள் போய், அவர் படுத்திருக்கும்போதே, "இந்தச் சுவரை இடித்துவிடலாம்" என்றார். எங்கள் விலை என்ன என்று தெரிந்துகொள்வதற்காகவே பின்தெருக்காரர் ஒருவர் தன் மைத்துனரை அனுப்பிவைத்தார். அதன் பிறகு, கடன் ஒப்புதல் கடிதம் இல்லாதவர்களை வாசலோடு நிறுத்தும்படி தரகரிடம் சொன்னேன். எனக்குத் திமிர் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் வந்தவர்கள் ஒரு இளம் தம்பதி. வாடகை வீட்டில் இருந்தார்கள், வங்கி ஒப்புதலும் இருந்தது. அதாவது, அவர்கள் எதையும் விற்க வேண்டியதில்லை. இது மிகப்பெரிய விஷயம். வாங்குபவரும் தன் வீட்டை விற்றாக வேண்டும் என்றால், அவரிடம் வாங்குபவரும் விற்றாக வேண்டும் என்றால், அது சங்கிலியாக நீளும்; ஒரு கண்ணி அறுந்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது பெரிய தலைவலி. அங்கே ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் கட்டம்வரை யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலை பேசி முடித்திருந்தாலும்கூட. ஆகவே இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே விலை சொன்னால், விற்க வீடு இல்லாதவரைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தத் தம்பதி விலையைக் குறைக்கச் சொன்னார்கள். என் கணவர் கோபப்பட்டார். நான் கொஞ்சம் குறைத்தேன், பதிலுக்குக் காலம் கேட்டேன். கிரயம் இப்போதே ஆகட்டும், பணமும் வரட்டும், ஆனால் சுவாதீனம், அதாவது வீட்டைக் காலி செய்து ஒப்படைப்பது, பிறகுதான். அதுவரை அதே வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருப்போம். வாடகை அவர்களுடைய மாதத் தவணை அளவுக்கு. கிரயத் தொகையில் ஒரு பகுதியைச் சாவி கொடுக்கும் நாள்வரை அவர்களே வைத்திருக்கட்டும்.

அவர்களுடைய வழக்கறிஞர் விடாக்கண்டர். குறித்த நாளில் காலி செய்யாவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்று எழுதச் சொன்னார். மனத்தாங்கல் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். தெரியாதவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டில் நம்மை விட்டுவைக்க வேறு என்ன நம்பிக்கை இருக்கும்? இடையில் குழாய் உடைந்தால் யார் செலவு, மின்கட்டணம் யாருடையது, வீட்டுக் காப்பீடு யார் பெயரில் என்பதையெல்லாம் அதிலேயே எழுதினோம். "நல்ல மனிதர்கள், வாய்வார்த்தை போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நல்ல மனிதர்களுக்கும் மாமனார் இருப்பார், அவர் யோசனை சொல்வார்.

ஒன்றை முன்கூட்டியே விசாரியுங்கள். இந்த ஏற்பாட்டை வாங்குபவரின் வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சொந்தக் குடியிருப்புக்கென்று கடன் வாங்கியவர், வழக்கமான அடமானப் பத்திரங்களின்படி, 60 நாட்களுக்குள் அங்கே குடியேற வேண்டும். அதனால் அங்கே பழைய உரிமையாளர் தங்கியிருப்பது பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நின்றுவிடும். உங்கள் வீட்டின் மேல் கடன் இருந்தால் உங்கள் வங்கியையும் விசாரியுங்கள்: பாக்கி எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா, மூலப்பத்திரம் எந்த அலுவலகத்தில் தூங்குகிறது, கடன் தீர்ந்தபின் கையில் வர எவ்வளவு காலம். எங்கள் பத்திரம் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அந்த வங்கிக்கு ஏகப்பட்ட நாள் பிடித்தது. அதற்குள் வாங்குபவர் ஓடிப்போகாதது எங்கள் அதிர்ஷ்டம்.

வரியையும் மறக்கக் கூடாது, ஏனென்றால் வரிசையை மாற்றினால் வரியும் மாறும். சிங்கப்பூரில் முதல் வீட்டை வைத்துக்கொண்டே இரண்டாவதை வாங்கும் குடிமகன் 20 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். திருமணமானவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 6 மாதத்துக்குள் பழையதை விற்றால் திரும்பப் பெறலாம். இங்கிலாந்திலும் கூடுதல் தீர்வை உண்டு, குடியிருந்த வீட்டை 3 ஆண்டுக்குள் விற்றால் திரும்பக் கேட்கலாம். ஆனாலும் முதலில் கட்டியாக வேண்டுமே, அந்தப் பணம் எங்கிருந்து வரும்? இந்தியாவில் நிலைமை வேறு. நீண்டகாலம் வைத்திருந்த வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால், விற்பதற்கு 1 ஆண்டு முன்போ விற்ற 2 ஆண்டுக்குள்ளோ வேறு வீடு வாங்கியிருக்க வேண்டும். கட்டுவதானால் 3 ஆண்டு. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் லாபத்தைச் செலவிடவில்லை என்றால், அதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். சாதாரணச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைத்தால் விலக்கு கைநழுவும்.

இனி எதிர்வாதம். "விலை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் விற்றுவிட்டுக் கையில் பணத்தோடு நின்றால், நாளுக்கு நாள் வீடு எட்டாத உயரத்துக்குப் போகுமே?" நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. அப்படிப்பட்ட சந்தையில், "என் வீடு விற்றால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்" என்ற நிபந்தனையோடு வாங்க முயலலாம். அமெரிக்காவில் இது சகஜம். ஆனால் விற்பவர் சும்மா இருப்பதில்லை. வேறு ஆளுக்கு வீட்டைக் காட்டும் உரிமையை வைத்துக்கொள்வார். நல்ல ஆள் வந்துவிட்டால் உங்களுக்கு இரண்டு மூன்று நாள் கெடு, அதற்குள் நிபந்தனையை விட வேண்டும் அல்லது விலக வேண்டும். போட்டி கடுமையான இடங்களில் இந்த நிபந்தனையைக் கேட்டதுமே கதவைச் சாத்துவார்கள். கையில் தாராளமாகப் பணம் இருப்பவர்கள் தாராளமாக முதலில் வாங்கட்டும். அவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது.

எங்களுக்கு எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு முடியவில்லை. வாடகைக் காலம் முடிந்தபோது புது வீடு தயாராகவில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்ததால் தேடல் சுருக்கமாகவே முடிந்தது. ஆனால் அதை விற்றவரும் எங்களைப் போலவே இன்னொரு வீட்டுக்காகக் காத்திருந்தார். சிறிய வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். பாதிச் சாமான்களைக் கிடங்கில் போட்டோம். இரண்டு முறை மூட்டை கட்டினோம், கண்ணாடிக் கதவுள்ள அலமாரி உடைந்தது. அந்தச் செலவை எல்லாம் கூட்டினாலும், தேதிக்குப் பயந்து பழைய வீட்டைத் தள்ளிவிட்டிருந்தால் இழந்திருக்கக்கூடிய தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. இதை என் நாத்தனாரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். உறவினர்களிடம் அவர், "கடன் தாங்காமல் விற்றுவிட்டு ஒண்டுக்குடித்தனம் போனார்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமியார் இப்போது படி ஏறாமல் தன் அறைக்குப் போகிறார் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆகவே அடுத்த முறை தரகரைப் பார்க்கும்போது விலைக்கு முன்னால் சாவி கொடுக்கும் தேதியைப் பேசுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். அவர் தரகு பதிவு நாளிலேயே கைக்கு வந்துவிடும், அதற்குப் பின் நீங்கள் எங்கே படுத்தால் அவருக்கென்ன? அவரை விட்டுவிட்டு வாங்குபவரிடமே நேராகக் கேளுங்கள்.