இசையமைப்பாளர் ஷோப்பானின் பியானோ இசைப் பதிவுகளில் எதைக் கவனித்துக் கேட்பது?

"அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது" என்கிறீர்கள். முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் எனக்கும் அப்படித்தான். ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1839-இல் வெளியான அவருடைய 24 பிரெலூடுகளில் (சின்னச் சின்னப் பியானோ துண்டுகள்) நாலாவது, இரண்டு நிமிடம் சொச்சம்தான். வலது கை அநேகமாக இரண்டு சுரங்களுக்குள்ளேயே தயங்கிக்கொண்டிருக்கும், அதனால் நம் காது அதையே பிடித்துக்கொள்ளும், ஆனால் விஷயம் முழுக்க இடது கையில்: ஒரே சீராக அடிக்கும் கார்டுகளில் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரு விரல் மட்டும் அரைச்சுரம், அதாவது பக்கத்துக் கட்டைக்கு, இறங்கும், அப்புறம் இன்னொன்று, மேலே அதே சுரம் நின்றாலும் அதன் நிறம் மாறிக்கொண்டே போகும்.

அது பிடிபட்டதும் 15-ஆவதற்குப் போங்கள், மழைத்துளி என்று பெயர் ஒட்டிக்கொண்டது (பெயர் வைத்தது ஷோப்பான் இல்லை). ஒரே கறுப்புக் கட்டை விடாமல் தட்டப்படும்; தொடக்கத்தில் தூறல் மாதிரி, நடுவில் அதே கட்டை மிரட்டும்.

பிறகுதான் வாசிப்பவர். ஆல்ஃப்ரெட் கோர்ட்டோவின் 1930களின் பதிவில் இரைச்சல் உண்டு, தப்புச் சுரங்களும் உண்டு, சரி, போகட்டும். இடது கை ஒரு கணம் முந்தி விழ, மெட்டு பின்னால் வந்து சேர்வதைக் கேளுங்கள். மார்த்தா ஆர்கெரிச் 1970களில் பதிந்ததில் 16-ஆவது, மூச்சுவிட நேரமில்லாத பாய்ச்சல். எனக்குக் கோர்ட்டோதான். ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஃபோன் ஸ்பீக்கரில் இடது கை காணாமல்போய்விடும்.