மகளை ஐ.பி. டிப்ளமோவில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணவருக்கு வேலை மாற்றம் வந்ததால் பெங்களூரு போகிறோம். அங்கே ஐ.பி. டிப்ளமோ (இன்டர்நேஷனல் பாக்கலரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) நடத்தும் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. டாக்டராக வேண்டும் என்கிறாள், வெளிநாட்டுப் படிப்பு ஆசையும் இருக்கிறது. "நேற்று வந்த படிப்பு, இங்கே செல்லாது, பிள்ளையைப் பிழிந்தெடுத்துவிடுவார்கள்" என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பதினேழு ஆண்டுகள் ஐ.பி. மாணவர்களுக்கு உயிரியல் நடத்தியவள் நான். உங்கள் கடிதத்தில் 'டாக்டர்' என்ற சொல்லைப் பார்த்ததும் மற்றதெல்லாம் அப்புறம் என்று தோன்றியது.

ஐ.பி. டிப்ளமோ இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் ஆறு பாடங்கள்: இலக்கியத்தோடு ஒரு மொழி, இரண்டாவதாக இன்னொரு மொழி, வரலாறு அல்லது பொருளாதாரம் போல ஒன்று, ஓர் அறிவியல், கணிதம், ஒரு கலைப் பாடம். கலை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் இன்னோர் அறிவியல் எடுக்கலாம். ஆக, வழக்கமான முறையில் இரண்டு அறிவியல்தான். இந்தியாவில் மருத்துவம் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டுமே! பல்கலைக்கழக நுழைவு விதியைக் காட்டி, பள்ளி முன்கூட்டியே ஐ.பி. அமைப்பிடம் தனி அனுமதி வாங்கினால்தான் மூன்றையும் எடுக்க முடியும்.

வேறு பள்ளியிலிருந்து இரண்டாம் ஆண்டில் என்னிடம் வந்த ஒரு பெண் அறிவியலில் உயிரியலும் வேதியியலும் மட்டும் எடுத்திருந்தாள். இயற்பியல் இல்லாமல் நீட் பக்கமே போக முடியாது என்று அதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. லேப் மேசையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுததை இன்னும் நான் மறக்கவில்லை. பாடம் மாற்றும் காலம் தாண்டிவிட்டிருந்தது.

இன்னொரு சிக்கல், நீட் வழக்கமாக மே முதல் வாரத்தில் வருகிறது. ஐ.பி. இறுதித் தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை ஓடும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும். நீட்டுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைத் தனியாகக் கரைத்துக் குடிக்கவும் வேண்டும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துத் திரும்பி இங்கே மருத்துவம் பார்க்க நினைத்தாலும் நீட் தகுதி வேண்டும். அதனால் இந்தியாவில்தான் டாக்டர் என்று உறுதியாக இருந்தால், மகள் சி.பி.எஸ்.இ.யிலேயே தொடரட்டும் என்பதுதான் என் கருத்து. ஐ.பி.யை உயிராக நேசிக்கிறவள் நான், இருந்தும் இப்படித்தான் சொல்வேன்.

வெளிநாட்டுப் படிப்போ வேறு துறையோ என்றால் தாராளமாகச் சேருங்கள். இது நேற்று வந்த படிப்பில்லை. 1968-ல் ஜெனீவாவில் தொடங்கியது, 1976-லேயே நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளிக்கு வந்துவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1983-லிருந்து இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது. ஆனால் மே தேர்வுக்கு ஜூலை முதல் வாரத்தில்தான் முடிவு வரும். இங்குள்ள கல்லூரி எதையாவது மனதில் வைத்திருந்தால் அதன் சேர்க்கைத் தேதியை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பிழிந்தெடுப்பார்களா? வேலை அதிகம்தான், மறைக்க மாட்டேன். பாடத்துக்கு 7 வீதம் 42 மதிப்பெண். மூன்று பாடங்களை ஹையர் லெவலில் தலா 240 மணி நேரமும், மூன்றை ஸ்டாண்டர்ட் லெவலில் தலா 150 மணி நேரமும் படிக்க வேண்டும். இதுபோக, ஒரு விஷயம் உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க வைக்கும் 'தியரி ஆஃப் நாலெட்ஜ்' என்ற பாடமும் 4,000 சொல்லுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரையும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து 3 மதிப்பெண், மொத்தம் 45. கலை, உடற்பயிற்சி, சேவை சார்ந்த 'காஸ்' வேலைகளுக்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளமோவும் கிடையாது.

அந்த ஆய்வுக் கட்டுரைக்காகவே ஐ.பி. எனக்குப் பிடிக்கும். என்னிடம் ஒரு பையன் "ஏரி மாசு" என்று வந்தான். பேசிப் பேசி, துணி சோப்புத் தூள் கலந்த தண்ணீரில் பச்சைப்பயறு எத்தனை நாளில் முளைக்கிறது என்பதில் கொண்டுவந்து நிறுத்தினோம். முதல் தடவை எல்லாத் தட்டிலும் பூஞ்சை. இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை விதைகளைக் கழுவும் முறையை அவனே மாற்றினான், முளைத்தது. ஏன் இரண்டு தடவை கெட்டது என்பதைக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுதினான். பதினேழு வயதில் தன் தவறைத் தானே தேடிக் கண்டுபிடித்து எழுதிய அந்தப் பக்கங்களை ஒரு டீச்சராக நான் பெருமையோடு படித்தேன்.

கடைசி நேரத்தில் விழுந்து விழுந்து படித்து மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இங்கே மூச்சு முட்டும். வேலை இரண்டு ஆண்டுக்கும் பரவிக் கிடக்கும், முதல் ஆண்டில் தள்ளிப்போட்டதெல்லாம் இரண்டாம் ஆண்டின் நடுவில் மொத்தமாக வந்து நிற்கும். உங்கள் மகள் எப்படிப் படிப்பவள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பணம் கட்டுமுன் பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்று அறிவியலுக்கு இதுவரை யாருக்காவது அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? தமிழை ஒரு மொழிப் பாடமாக எடுக்க வழி உண்டா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், மகளை அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவிகள் இருவரோடு ஒரு மணி நேரம் பேச விடுங்கள். பக்கத்தில் ஆசிரியர் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.