பாட்டியை மட்டும் ஏன் இழுக்கறீங்க?

கேள்வி: பழைய ஓவியம், சிலை எல்லாம் பாதுகாக்குற வேலைல உலகம் பூரா இப்ப லேடீஸ்தான் நிறைய இருக்காங்களாமே, பொறுமை ஜாஸ்திங்கறதால அவங்களுக்குத்தான் அது செட் ஆகும்னு சொல்றாங்க. ஆனா ஸ்பெயின்ல ஒரு பாட்டி சர்ச்சுல இருந்த இயேசு படத்தை ரிப்பேர் பண்றேன்னு குரங்கு மாதிரி ஆக்கி வெச்சாங்களே, அந்த போட்டோ இன்னும் வாட்ஸப்ல சுத்துது. இவ்ளோ பெரிய விஷயத்தையெல்லாம் அவங்க கையில குடுக்கலாமா சார்?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த போட்டோ எனக்கும் வந்துச்சு சார், ஒரு நாப்பது தடவையாவது வந்திருக்கும், முதல் தடவை நானும் சிரிச்சேன், பொய் சொல்லல. ஆனா அதை வெச்சு நீங்க கேக்குற கேள்விதான் இடிக்குது.

முதல்ல பாட்டி கதையை முடிச்சிருவோம். ஊர் பேரு போர்ஹா, சரகோசா பக்கம் இருக்குற சின்ன ஊர். 1930ல எலியாஸ் கார்சியா மார்டினஸ்னு ஒரு ஓவியர் அங்க சர்ச் சுவத்துல முள்முடி போட்ட இயேசுவை வரைஞ்சார், ரெண்டே மணி நேரத்துல முடிச்ச படம் அது, பெரிய மாஸ்டர்பீஸ்னு யாரும் சொன்னதில்ல. ஓதம் ஏறி பெயிண்ட் உதிர ஆரம்பிச்சுது. 2012ல அந்த ஊர்க்கார அம்மா செசிலியா கிமேனஸ், எண்பது வயசு தாண்டினவங்க, பாக்க சகிக்காம தானே பிரஷ்ஷை எடுத்தாங்க. அவங்க ரெஸ்டோரர், அதாவது பழைய ஓவியத்தைச் சரிபண்ற நிபுணர் கிடையாது, எங்கயும் படிக்கல, பக்தியில செஞ்சாங்க. நம்ம ஊர்ல பாட்டிங்க சாமி படத்துக்கு பெயிண்ட் அடிக்கறதில்லயா, அந்த மாதிரி. அப்புறம் உலகமே அதைப் பாக்க அந்த ஊருக்குக் கிளம்பி, உள்ள போக டிக்கெட் போட்டு, அந்தக் காசுல அங்க இருக்குற முதியோர் இல்லத்துக்கு உதவி போச்சுங்கறது தனிக்கதை.

ஆக, வேலை தெரியாத ஒருத்தர் கையை வெச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு அது உதாரணம், சரி. பொம்பளை கையை வெச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு அது எப்படி உதாரணம் ஆச்சுன்னுதான் எனக்குப் புரியல.

இதே கணக்கை மிலான்ல போட்டுப் பாருங்க. டாவின்சியோட இறுதி இராவுணவு, அதாவது இயேசு தன் சீடர்களோட கடைசியா சாப்பிடற காட்சி, கிட்டத்தட்ட 1495ல இருந்து 1498 வரைக்கும் ஒரு மடத்தோட சாப்பாட்டு ஹால் சுவத்துல வரைஞ்சது. சுவத்துப் படம்னா ஈரச் சுண்ணாம்பு காயறதுக்குள்ள வரையணும், அப்பதான் கலர் சுவரோட ஒட்டிக்கும். டாவின்சிக்கு அந்த அவசரம் ஒத்து வராது, நிதானமா மாத்தி மாத்தி வரையற ஆளு, அதனால காய்ஞ்ச சுவத்து மேலயே வரைஞ்சுட்டார், விளைவு அவர் உயிரோட இருக்கும்போதே படம் உதிர ஆரம்பிச்சுருச்சு. இனிமேதான் நம்ம ஆம்பளைங்க வர்றாங்க. 1652ல மடத்துக்காரங்க அந்தச் சுவத்துல வாசல் வெட்டினாங்க, இயேசுவோட பாதம் போச்சு. 1726ல பெல்லோட்டின்னு ஒருத்தர் எண்ணெய் பெயிண்டால ஒட்டுப் போட்டு வார்னிஷ் அடிச்சார். 1770ல மாஸ்ஸான்னு இன்னொருத்தர் வந்து, பெல்லோட்டி பண்ணது சரியில்லன்னு அதைச் சுரண்டிட்டு தன் இஷ்டத்துக்கு முகம் முகமா வரைஞ்சுக்கிட்டே போனார், மூணே முகம்தான் பாக்கி, அப்ப ஜனங்க கத்தி ரகளை பண்ணி நிறுத்தினாங்க. அப்புறம் நெப்போலியன் படை அந்த ஹாலைக் குதிரை லாயமாக்கிச்சு. 1821ல பரேஸ்ஸின்னு ஒரு நிபுணர் வந்து இது ஈரச் சுண்ணாம்பு ஓவியம்னு நினைச்சு சுவத்துல இருந்து அப்படியே உரிச்சு எடுக்கலாம்னு பாத்தார், நடுவுல ஒரு பகுதி நாசமாச்சு, அப்புறம் கோந்து போட்டு ஒட்டினார். மாஸ்ஸா மூஞ்சியையும் பரேஸ்ஸி மூஞ்சியையும் போட்டு "ஆம்பளைங்க கையில குடுக்கலாமா"ன்னு உங்களுக்கு எந்த ஃபார்வர்டாவது வந்திருக்கா?

அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம ஊர்க் கோயில்கள்ல சாண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலைப் பீய்ச்சி அடிச்சு சுத்தம் பண்றேன்னு தூண்ல இருந்த உளித் தடத்தையும் கல்வெட்டையும் மழுங்கடிச்சாங்களே, அந்த மிஷினைப் புடிச்சுக்கிட்டு நின்னது எந்தப் பாட்டி?

சரி, மிலானுக்கே வருவோம். 1943 ஆகஸ்ட்ல குண்டு விழுந்து ஹால் கூரையும் ஒரு பக்கச் சுவரும் போச்சு, மணல் மூட்டை அடுக்கி வெச்சதால ஓவியம் இருந்த சுவர் மட்டும் நின்னுச்சு. இத்தனை பேர் கை வெச்சு, இத்தனை தடவை சாகக் கிடந்த அந்தப் படம் கடைசியா யார் கைக்குப் போச்சு தெரியுமா? பினின் பிரம்பில்லா பார்சிலோன்னு ஒரு பெண் ரெஸ்டோரர் கைக்கு. 1970கள் கடைசியில சாரம் ஏறினாங்க, அப்ப அவங்களுக்கு வயசு அம்பதைத் தாண்டியாச்சு, இறங்கினது 1999 மே மாசம், எழுபது தாண்டி. இருபது வருஷத்துக்கு மேல ஒரே சுவர். மைக்ராஸ்கோப்ல பாத்து, துளித்துளியா கரைப்பான் வெச்சு, மேல அப்பியிருந்த மாஸ்ஸா, பெல்லோட்டி, கோந்து, மெழுகு, புகை, தூசி எல்லாத்தையும் எடுக்கணும், அடியில இருக்குற டாவின்சி மட்டும் வரக்கூடாது. ஒரு ஸ்டாம்ப் அளவு இடத்துக்கே நாள்கணக்கா ஆகும். எங்கெல்லாம் டாவின்சி சுத்தமா உதிர்ந்து போச்சோ அங்க அவங்க புதுசா எதையும் வரையல, மங்கலா வாட்டர்கலர் மட்டும் தடவி விட்டாங்க, பாக்குறவனுக்கு இது புதுசுன்னு தெரியணும், நாளைக்கு வேணாம்னா துடைச்சுடவும் முடியணும். மிச்சம் இருக்குற டாவின்சி ரொம்பக் கம்மி, இதுக்கா இவ்ளோன்னு திட்டினவங்களும் உண்டு, அதையும் சொல்லிடறேன். ஆனா சுத்தம் பண்ணப்புறம்தான் மேஜையில தட்டுல இருந்தது வறுத்த விலாங்கு மீனும் ஆரஞ்சுத் துண்டும்னு ஆராய்ச்சியாளங்க கண்டுபிடிச்சாங்க, அதுவரைக்கும் தட்டுல என்ன இருக்குன்னே தெரியாம அழுக்குதான் இருந்துச்சு.

அந்த "துடைச்சுடவும் முடியணும்" இருக்கு பாருங்க, அதுதான் இந்தத் தொழிலோட உயிர்நாடி. நான் பட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டேன். எங்க தாத்தாவோட ஒரே ஒரு போட்டோ, குறுக்கால கிழிஞ்சு போச்சுன்னு காலேஜ் படிக்கும்போது பெரிய அக்கறையா செல்லோடேப் போட்டு ஒட்டினேன். சில வருஷத்துல டேப் பழுப்பாகி, கோந்து ஊறி, தாத்தா மூக்குக்கு நேரா ஒரு டீக்கறை மாதிரி பட்டை விழுந்துருச்சு, உரிச்சா மூக்கே வந்துரும், உரிக்கலன்னா கறை இன்னும் ஏறும். இன்னைக்கும் பீரோவுல அப்படியே இருக்கு. பாட்டியைப் பாத்து நான் சிரிச்சதுக்கு எனக்கு யோக்யதை இல்ல.

அடுத்து அந்த "பொறுமை ஜாஸ்தி". இது பாராட்டு மாதிரி தெரியுது, எனக்கு அது புடிக்கல. ஒரு கரைப்பான் எந்த வார்னிஷைக் கரைக்கும், எதைத் தொடாதுன்னு தெரியறது கெமிஸ்ட்ரி, அதைப் பொறுமைன்னு சொன்னா படிச்ச படிப்பு காணாமப் போகுது, பொறக்கும்போதே வந்த குணம்தானே, அதுக்கு எதுக்கு தனியா பதவி, தனியா சம்பளம்னு ஆயிடுது. பாரிஸ்ல ரோஸ் வல்லாந்துக்கு நடந்தது இதுதான். இரும்புப் பட்டறைக்காரர் பொண்ணு, கலை வரலாறு படிச்சு பட்டம் வாங்கினவங்க, ஷூ டி போம் மியூசியத்துல 1932ல சேர்ந்தாங்க, சம்பளமில்லாத தன்னார்வ வேலை. வருஷக்கணக்கா அப்படியே ஓடுச்சு.

1940ல ஜெர்மன்காரன் பாரிஸைப் புடிச்சான், யூதக் குடும்பங்க வீட்ல கொள்ளையடிச்ச ஓவியமெல்லாம் அந்த மியூசியத்துலதான் கொண்டாந்து குவிச்சான், ஹிட்லருக்கு அடுத்த இடத்துல இருந்த கோரிங் இருபது தடவைக்கு மேல வந்து தனக்கு வேணும்ங்கறதைப் பொறுக்கி எடுத்துட்டுப் போனான். மூலையில கண்ணாடி போட்டுக்கிட்டு கொண்டை போட்டுக்கிட்டு ஒரு அம்மா கணக்குப் பாத்துக்கிட்டிருக்கு, அதை யாரு கண்டுக்குவா? அந்த அம்மாவுக்கு ஜெர்மன் புரியும்னு அவனுங்களுக்குத் தெரியாது. எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகுதுன்னு காதுல வாங்கி, குப்பைக்கூடையில கிடந்த காகிதத்தைப் பொறுக்கி, அவனுங்க எடுத்த போட்டோ நெகடிவை ராத்திரி எடுத்துட்டுப் போய் பிரிண்ட் போட்டு காலையில திரும்ப வெச்சு, நாலு வருஷம் நோட்டுல எழுதி வெச்சாங்க. மாட்டினா சாவுதான். 1944 ஆகஸ்ட்ல கடைசியா 148 பெட்டி ஓவியத்தை ரயில்ல ஏத்தினாங்க, இந்த அம்மா தகவல் குடுத்து, ரயில்வேக்காரங்க இழுத்தடிச்சு, அந்த ரயில் பாரிஸ் புறநகரையே தாண்டல. பிரெஞ்சுப் படை போய் மடக்கினப்ப அந்தப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கின அலெக்ஸாண்டர் ரோசன்பெர்க் பெட்டியைத் தொறந்து பாக்குறார், உள்ள அவரோட அப்பா வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த படங்க. சினிமால வெச்சா ஓவர்னு சொல்லுவோம். போர் முடிஞ்சு அந்த நோட்டை வெச்சுத்தான் பவேரியாவுல நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில பதுக்கி வெச்சிருந்ததைத் தேடிப் போனாங்க. ரோஸ் வல்லாந்துக்கு கன்சர்வேட்டர்னு, அதாவது மியூசியப் பொருளுக்குப் பொறுப்பான அதிகாரின்னு முறையான பதவி வந்தது 1952ல, சேர்ந்து 20 வருஷம் கழிச்சு.

ஒரு விஷயம் பாக்கி, நீங்க இறுதி இராவுணவுன்னா டாவின்சி மட்டும்தான்னு நினைச்சிருப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஃபுளோரன்ஸ்ல ப்ளாவுதில்லா நெல்லின்னு ஒரு கன்னியாஸ்திரி, 1560கள்ல அதே காட்சியை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீள கேன்வாஸ்ல தன் மடத்துச் சாப்பாட்டு ஹாலுக்காக வரைஞ்சாங்க, ஆளுங்க எல்லாம் நிஜ சைஸ். அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்கு உடம்பு அமைப்பைப் பாத்து வரையற பயிற்சியே கிடையாது, தானா கத்துக்கிட்டதுதான். நெப்போலியன் காலத்துல மடத்தை மூடினப்புறம் படம் இடம் மாறி மாறி, ஒரு கட்டத்துல சுருட்டி ஸ்டோர்ல போட்டுட்டாங்க. பெண் ஓவியர்களைத் தேடி எடுக்கறதுக்காகவே அமெரிக்காக்காரம்மா ஜேன் ஃபார்ச்சூன் ஆரம்பிச்ச அமைப்பு காசு திரட்டிச்சு, ஒவ்வொரு சீடரையும் ஒருத்தர் தத்தெடுக்கலாம்னு திட்டம் போட்டாங்க. ரெஸ்டோரர் ரோசெல்லா லாரி தலைமையில நாலு வருஷம் வேலை நடந்து, 2019 அக்டோபர்ல சாந்தா மரியா நொவெல்லா மியூசியத்துல தொங்க விட்டாங்க, மடத்துக்கு வெளிய பொதுஜனம் பாக்குறது அதான் முதல் தடவை. மேஜையில ஆட்டுக்குட்டி வறுவல், ரொட்டி, ஒயின், கூடவே கீரை, அவரைக்காய் மாதிரி பீன்ஸ், மடத்துல அவங்களுக்கே பரிமாறினது மாதிரி ஒரு சாப்பாடு.

மேல இடது மூலையில லத்தீன்ல கையெழுத்து இருக்கு: "ஓராத்தே ப்ரோ பிக்தோரா". வரைஞ்சவளுக்காக வேண்டிக்கோங்கன்னு அர்த்தம். "வரைஞ்சவர்" இல்ல, "வரைஞ்சவள்", பெண்பால்லயே எழுதி வெச்சிருக்காங்க.