இருமல் சிரப் குடித்துவிட்டு வேன் ஓட்டலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறேன். வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்தாறு நாளாகச் சளி, இருமல். பார்மசியில் வாங்கிய சிரப்பை ராத்திரி குடித்தால் தூக்கம் வருகிறது. ஆனால் காலையிலும் கண் சொக்குகிறது. சளியாலா, மருந்தாலா?

பதில்: சளியும் ஆளை அசத்தும்தான். ஆனாலும் என் சந்தேகம் பாட்டில் மேல். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோர்பெனிரமைன், டைபென்ஹைட்ரமைன், புரோமெத்தசின் போன்றவை அலர்ஜிக்கான பழைய மருந்துகள். மூளைக்குள் போய் மந்தமாக்கும். அதிலும் குளோர்பெனிரமைன் மெதுவாகத்தான் வெளியேறும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்ததில் பாதிக்கு மேல் காலை ஆறு மணிக்கும் ரத்தத்தில் இருக்கலாம். கோடீன் (அபின் வகை மருந்து) கலந்திருந்தால் தூக்கத்தோடு மலச்சிக்கலும் சேரும், பழக்கமும் ஆகிவிடும்.

உங்களுக்குத் தூக்கம் வராததுபோல் தோன்றினாலும் பிரேக் மிதிக்கும் வேகம் குறைந்திருக்கும். அதனால் இந்த சிரப்பைக் குடிக்கும் நாட்களில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று, மூக்கடைப்புக்கென்று சூடோஎபெட்ரின் சேர்த்திருந்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரை நோய் இருந்தால் சிரப்பின் இனிப்பையும் கணக்கில் எடுங்கள். பாராசிட்டமால் கலந்த சிரப்போடு தனியாக வேறு பாராசிட்டமால் மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் நிறைய. அளவு மீறினால் கல்லீரல் கெடும். மேசைக்கரண்டியால் ஊற்றிக் குடிக்காதீர்கள். அது 15 மி.லி., லேபிளில் 5 என்றால் மூன்று மடங்கு!

இவ்வளவு தொல்லைக்கும் இந்த சிரப்புகள் சளி இருமலைப் பெரிதாகக் குறைப்பதாக நல்ல சான்று இல்லை. படுக்குமுன் ஒரு ஸ்பூன் தேன், வெந்நீர், தலையை உயர்த்திப் படுப்பது: உங்களுக்கு இதுவே போதும். (சர்க்கரை நோயாளிகள் தேனை விட்டுவிடலாம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.)

சளி போயும் வறட்டு இருமல் மட்டும் நீடித்தால், நீங்கள் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடுவது எனலாப்ரில் வகை மாத்திரையா என்று பாருங்கள். அதுவே இருமலைத் தரும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் வேறு மாத்திரை மாற்றித் தரக் கேளுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, ராத்திரி வியர்த்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு கிளினிக்கில் அது இலவசம்.